குடிக்கூலி வீடும் அரசாங்கப் பதிவேடும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றே என்பது யாவரும் அறிந்தது. இவற்றுள் முன்னைய இரண்டும் காசு கொடுத்த அளவிலே நம் உடைமையாகிவிடுகின்றன. கடையிற் கொண்ட அரிசியைச் சமைத்து உண்ணும்போது கடைக்காரர் வந்து இலையருகே நிற்பதில்லை. துணி விற்ற வணிகர், அதனை இன்ன நாளில் இன்னவாறு உடுத்துக என்று விதிப்பதுமில்லை. உறையுளோ அத்தகையதன்று. திங்கள்தோறும் பணங்கொடுத்து ஒருவர் பல்லாண்டு வாழ்ந்தாலும், அவ்வீடு பிறர் பொருளாகவே நிற்கும். ஒருவருடைய பொருளில் மற்றொருவருடைய வாழ்க்கை நடைபெறுவதாகிய இவ்வுறவு, உலகியலில் உள்ள உறவுகளுள் மிக நுட்பமானது; எளிதிற் பிணக்கிற்கு இடமாவது. ஆதலின், இதனை ஒழுங்குபடுத்த நம் அரசினர் வகுத்துள்ள சட்டத்தையும், அச்சட்டத்தின் வழியாக வாடகை உடன்படிக்கைகளைப் பதிவு செய்தற்கென அமைக்கப்பெற்றுள்ள வலைத்தளத்தையும் பற்றிச் சில கருத்துக்களை ஈண்டு வரைய விரும்புகின்றேன்.

வாடகை என்னும் சொல் இன்று பெருவழக்காயிருப்பினும், குடிக்கூலி என்னும் பழஞ்சொல்லே இப்பொருளின் இயல்பை நன்கு விளக்குவதாகும். குடியிருத்தற்குக் கொடுக்கும் கூலி குடிக்கூலி. பிற இடங்களிலெல்லாம் கூலி கொடுப்பவரே தலைவராக இருத்தலும், கூலி பெறுபவர் அவருக்கு அடங்கி நடத்தலும் காண்கின்றோம். இவ்விடத்தில் மட்டும் அம்முறை தலைகீழாக மாறி, கூலி கொடுப்பவர் பெறுபவருக்கு அஞ்சி நிற்கும் விந்தை நிகழ்கின்றது. இதற்குக் காரணம் யாது? கொடுப்பவர் கையில் அவர்தம் உரிமையைக் காட்டும் ஏடு ஒன்றும் இல்லாமையே பெரும்பான்மையும் காரணம் என்பது என் கருத்து.

2011ஆம் ஆண்டின் மக்கட்டொகைக் கணக்கின்படி நம் தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 48 பேருக்கு மேற்பட்டோர் நகரங்களில் வாழ்ந்தனர். நகரத்திற்குப் பிழைப்பை நாடி வருவோர், வந்த அன்றே வீடு கட்டிக்கொள்ளுதல் இயலாது. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்னும் பழமொழி, வீடு கட்டுதலின் அருமையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். எனவே, தொழிலாளரும், அலுவலரும், கல்வி கற்க வந்த மாணவரும் பிறர் வீட்டிலேயே குடியேறுகின்றனர். சென்னை நகரில் இது நடைபெறும் முறை யாவரும் அறிந்ததே. தெருவில் தொங்கும் பலகையைக் கண்டோ, தரகர் ஒருவரைப் பிடித்தோ வீட்டை அடைகின்றோம். பேச்சளவில் வாடகை முடிவாகின்றது. முன்பணம் என்னும் பெயரால் ஐந்து திங்கள் வாடகையோ பத்துத் திங்கள் வாடகையோ கைமாறுகின்றது. எழுத்து என்று ஒன்று இருந்தால் அது முத்திரைத்தாளில் அச்சடித்த பதினொரு திங்கள் உடன்படிக்கையாக இருக்கும். பன்னிரண்டு திங்களாக இன்றிப் பதினொன்றாக இருப்பதன் காரணம் பலர்க்குத் தெரியாது. ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகைகளைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவு செய்தல் வேண்டுமென்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுகின்றது. அப்பதிவையும் அதற்குரிய செலவையும் தவிர்க்கவே பதினொரு திங்கள் என்னும் கணக்கு எழுந்தது. சட்டத்திற்கு ஒரு திங்கள் அப்பால் நின்று வாழ்க்கை நடத்தும் இவ்வழக்கம், நம் நகரங்களில் ஒரு மரபாகவே ஆகிவிட்டது.

வீட்டை விட்டு நீங்கும்போதுதான் இம்மரபின் தீமை வெளிப்படும். வெள்ளையடிப்பதற்கென ஒரு திங்கள் வாடகை கழிக்கப்படுகின்றது. முன்பே விரிசல் கண்டிருந்த சுவரும், முன்பே ஒழுகிய குழாயும் குடியிருந்தவர் கணக்கில் ஏறுகின்றன. மீதிப் பணத்திற்குப் பல நாள் நடக்க நேர்கின்றது. 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?' என்று கேட்டுவிட்டால், குடியிருந்தவர் என்ன விடை கூற இயலும்? நிற்க. குற்றம் ஒருபாலதே என்றும் நான் கூற வரவில்லை. வாடகை கொடாது பல திங்கள் கழித்தும், வீட்டைக் காலி செய்ய மறுத்தும், உரிமையாளரை நீதிமன்றப் படிகளில் ஏற்றும் குடித்தனக்காரரும் உளர். கணவனை இழந்த முதியவள் ஒருத்தி, மாடியறை இரண்டை வாடகைக்கு விட்டு அவ்வருவாயைக்கொண்டே காலந்தள்ளுகின்றாள் எனக் கொள்வோம். அவளுக்கு அந்த வாடகை நின்றுபோமாயின் அடுப்பும் நின்றுபோம். ஆகவே, செல்வர் ஒருபுறமும் வறியர் ஒருபுறமும் நிற்கும் வழக்காக இதனைக் கருதுதல் பொருந்தாது. இருதிறத்தார்க்கும் நடுவே நம்பத்தக்க சான்று ஒன்று இல்லாமையே குறை.

இக்குறையை நீக்க அரசினர் முயன்றது இன்று நேற்றன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், வீடுகள் அருகி வாடகை ஏறிய போது, சென்னை மாகாண அரசினர் 1941ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தனர். போர் முடிந்த பின்னர் 1946ஆம் ஆண்டிலும், மீண்டும் 1949ஆம் ஆண்டிலும் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. அவற்றின் வழித்தோன்றலாக 1960ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, ஏறத்தாழ ஆறு பத்தாண்டுகள் ஆட்சி செலுத்தியது. அச்சட்டம் நியாய வாடகையை அதிகாரி ஒருவர் வகுத்தற்கு வழி செய்தது. காரணமின்றிக் குடித்தனக்காரரை வெளியேற்றுதலைத் தடுத்தது. அதன் நோக்கம் உயர்ந்ததே. ஆயினும், நோக்கம் உயர்ந்ததாதல் பற்றியே பயனும் உயர்ந்துவிடும் என்பதில்லை. வழக்குகள் நீண்டன. பழைய வாடகையிலேயே நின்றுவிட்ட கட்டடங்களைப் பழுதுபார்க்க உரிமையாளர் மனங்கொள்ளவில்லை. வாடகைக்கு விட்டால் வீடு திரும்பாது என அஞ்சிப் பலர் தம் வீடுகளைப் பூட்டியே வைத்தனர். காக்க வந்த சட்டமே வீடு கிடைப்பதனை அருமையாக்கிற்று.

இந்நிலையில் 2017ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் இயற்றப்பெற்றது. நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் இவற்றை முறைப்படுத்துவது என்னும் நீண்ட பெயரையுடைய அச்சட்டம், 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிற்று. பழைய சட்டத்திற்கும் புதிய சட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சொல்லிற் கூறலாம். பழையது வாடகையின் அளவைக் கட்டுப்படுத்த முயன்றது. புதியது வாடகையை இருவர் மனம் ஒத்த உடன்பாட்டிற்கு விட்டு, அவ்வுடன்பாட்டை எழுத்தில் ஏற்றிப் பதிவு செய்க என்கின்றது. அதிகாரியின் மதிப்பீட்டினும் இருவர்தம் கையெழுத்தே இதற்கு அடிப்படை.

இச்சட்டத்தின்படி நகர்ப்புறங்களில் வாடகைக்கு விடும் வீட்டிற்கும் கடைக்கும் எழுத்து உடன்படிக்கை இருத்தல் வேண்டும். அதனை வாடகை அதிகார அமைப்பினிடம் பதிவு செய்தல் வேண்டும். துணை ஆட்சியர் நிலையிற் குறையாத அலுவலர் அவ்வமைப்பின் பொறுப்பை வகிப்பர். பதிவுக்காக அலுவலக வாயிலிற் காத்து நிற்றல் வேண்டாவென்பதற்காக அரசினர் வலைத்தளம் ஒன்றை ஏற்படுத்தியுள்ளனர். அதில் விண்ணப்பிப்பவர் தம் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, அதற்கு வரும் ஓ.டி.பி. எண்ணால் உள்ளே புகுந்து, உரிமையாளர் பெயரையும் குடியிருப்பவர் பெயரையும், வீட்டின் முகவரியையும், வாடகையையும், முன்பணத்தையும், காலவரையறையையும், வீட்டோடு கொடுக்கப்படும் தட்டுமுட்டுப் பொருள்களின் விவரத்தையும் நிரப்புதல் வேண்டும். இருவருடைய அடையாளச் சான்றுகளையும் உடன்படிக்கையின் படியையும் அத்துடன் ஏற்றுதல் வேண்டும். அலுவலர் அதனை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டால் பதிவெண் ஒன்று அளிக்கப்பெறும். விண்ணப்பத்தை உரிமையாளரே செய்தல் வேண்டுமென்பதில்லை, குடியிருப்பவரும் செய்யலாம். இது குறிக்கொண்டு நோக்கத்தக்கது. இதுகாறும் எழுத்து வேண்டுமெனக் கேட்கவே கூசியவர்க்கு, தாமே சென்று பதிவு செய்யும் உரிமை கிடைத்துள்ளதன்றோ?

பதிவினால் வரும் பயன் யாது என வினவுவார்க்குச் சட்டத்தினின்றே விடை கூறலாம். முன்பணம் மூன்று திங்கள் வாடகைக்கு மேற்போதல் ஆகாது என்றும், வீட்டை விட்டு நீங்கிய ஒரு திங்களுக்குள் கழிக்க வேண்டியவற்றைக் கழித்து மிகுதியைத் திருப்புதல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. உரிமையாளர் வீட்டினுள் நுழைந்து பார்க்க விரும்பின் இருபத்துநான்கு மணி நேரம் முன்னதாக அறிவித்தல் வேண்டும். மனவேறுபாடு வந்தவிடத்துத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தித் துன்புறுத்துதல் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பினிடம் முறையிடலாம். உரிமையாளர்க்கும் பயன் குறைவன்று. இரண்டு திங்கள் வாடகை நிலுவையாகி, அறிவிப்புக் கொடுத்தும் தீர்க்கப்படாதாயின், அதுவே வீட்டை மீட்டற்கு ஒரு காரணமாகும். காலவரையறை முடிந்தும் நீங்காதவர் மிகுதியான வாடகை கொடுக்கக் கடமைப்பட்டவராவர். எழுத்து உடன்படிக்கை செய்துகொள்ளாமையும் வீட்டைக் காலி செய்விக்கும் காரணங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. ஆகவே, எழுத்தின்றி இருத்தல் குடித்தனக்காரர்க்குப் பழைய நாளைப் போல் ஒரு குறை மட்டுமன்று. இன்று அது நேரே இடையூறும் ஆகும். இதனை அறியாதார் பலர்.

இவ்வளவு நன்மையிருந்தும் மக்கள் இப்பதிவை நாடத் தயங்குவது ஏன்? நான் கேட்டறிந்த வரையில் மூன்று தடைகள் சொல்லப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது வரியச்சம். வாடகை ஏட்டில் ஏறினால் வருமானவரி அலுவலர் கண்ணிற்பட்டுவிடும் என்பது உரிமையாளர் சிலர்தம் எண்ணம். இவ்வச்சத்திற்கு இன்று பொருளில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் அலுவலர், வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்குப் பெற வேண்டின், உரிமையாளரின் பான் எண்ணைத் தம் அலுவலகத்திற் கொடுத்தல் வேண்டும் என்பது முன்பே உள்ள விதி. வங்கி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் செல்லும் வாடகையும் எங்கோ ஒரு கணக்கில் ஏறியே செல்கின்றது. மறைத்தற்கு இடம் சுருங்கிவிட்ட காலத்தில், மறைவினால் வரும் சிறு ஆதாயத்திற்காகச் சட்டத்தின் காவலைக் கைவிடுதல் அறிவுடைமையன்று. அன்றியும், வரி கொடாமையின் பொருட்டு எழுத்தை மறுக்கும் உரிமையாளர், தம் வீட்டிற் குடியிருப்பவரைத் தம் குற்றத்திற்குத் துணைவராக்குகின்றார். அது முறையாகாது.

இரண்டாவது நம்பிக்கை பற்றிய தடை. 'முகம் பார்த்து வீடு கொடுத்தோம். நமக்குள் எழுத்து எதற்கு?' என்று பெரியோர் சிலர் கூறுவர். இதில் ஓர் அன்பு இருத்தலை நான் மறுக்கவில்லை. ஒண்டுக் குடித்தனங்களில் ஒரு கிணற்று நீரைப் பகிர்ந்து, ஒருவர் வீட்டுத் திருமணத்தில் மற்றவர் பந்தி பரிமாறிய நாட்களை அவர்கள் நினைவிற்கொண்டு பேசுகின்றனர். ஆயினும், நம்பிக்கை உள்ளவிடத்து எழுத்து அதனைக் கெடுப்பதில்லை. நம்பிக்கை குன்றியவிடத்து எழுத்தே துணை செய்யும். திருமணத்தைப் பதிவு செய்தலால் இல்லறத்தன்பு குறைந்ததென்று கூறுவார் யாருமில்லை. உரிமையாளர் காலஞ்சென்றபின் அவர்தம் மக்கள் வந்து கணக்குக் கேட்கும்போது, முகம் பார்த்து வீடு கொடுத்தவர் சாட்சி கூற வர மாட்டார். ஏடுதான் சாட்சி கூறும்.

மூன்றாவது தடை அறியாமையும் இயலாமையும். இதுவே உண்மையான தடை என்று நான் கருதுகின்றேன். முதியோர்க்கும், எழுத்தறிவு குறைந்தோர்க்கும், படிவங்களை நிரப்பிச் சான்றுகளை ஏற்றுதல் எளிய செயலன்று. கைப்பேசிக்கு வரும் எண்ணைப் பிறரிடம் கூறாதீர் என்று வங்கிகள் நாள்தோறும் எச்சரிக்கும்போது, இவ்விடத்தில் மட்டும் அதனைக் கொடுப்பது எங்ஙனம் என அஞ்சுவாரும் உளர். இவ்வச்சத்தை மூடமை என்று நகையாடுதல் தகாது. மக்கள் ஏமாந்து கற்ற பாடம் அது. மேலும் பலர், காவல் நிலையத்திற்குக் குடியிருப்போர் விவரம் கொடுக்கும் படிவத்தையும் இப்பதிவையும் ஒன்றெனக் கருதி மயங்குகின்றனர். இரண்டும் வேறு. முன்னது குடியிருப்பவர் இன்னார் எனக் காவலர்க்கு அறிவிப்பது. பின்னதோ உரிமையாளரையும் குடியிருப்பவரையும் ஒரே கயிற்றாற் பிணித்து, இருவர்தம் கடமையையும் எழுதி வைப்பது. முன்னதை மட்டும் கேட்டு வாங்கிப் பின்னதை மறுக்கும் உரிமையாளர், காவலைத் தமக்கும் கண்காணிப்பைப் பிறர்க்குமாகப் பங்கிட்டுக்கொள்கின்றார்.

இனி, இப்பதிவு முறையின் குறைகளையும் கூறாது விடுதல் நடுவுநிலைமையாகாது. பிற நாட்டார் செய்வதனோடு ஒப்பிட்டால் நம் குறை தெளிவாகும். ஸ்காத்லாந்து நாட்டில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டை வாடகைக்கு விடுபவர் ஒவ்வொருவரும் தம் பெயரை அவ்வூர் மன்றத்திற் பதிவு செய்தல் வேண்டும்; அதற்குத் தக்கவர்தாமா என்று ஆராய்ந்தே பெயரை ஏற்பர்; மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். பதியாது வாடகைக்கு விடுதல் தண்டனைக்குரிய குற்றமாகும். அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரமோ 2012ஆம் ஆண்டில் இயற்றிய விதியால் வாடகை வீடுகளையே பதிவு செய்கின்றது. உரிமையாளர் வலைத்தளத்திற் கணக்குத் தொடங்கித் தம் வீடுகளைப் பதிந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கின்றனர். ஐந்து முதல் பத்தாண்டுக்குள் ஒருமுறையேனும் அவ்வீடு ஆராயப்பெறும். கூரை, மின்கம்பி, வெப்பவசதி, தீயை அறிவிக்கும் கருவி முதலியன செம்மையாக உளவா என்று நோக்குவர். ஆக, ஸ்காத்லாந்து ஆளைப் பதிகின்றது. சியாட்டில் வீட்டைப் பதிகின்றது. நாம் ஏட்டைப் பதிகின்றோம்.

ஏட்டைப் பதிதல் வேண்டாவென்று நான் கூறவில்லை. ஆனால், ஏடு எவ்வளவு செம்மையாயினும் ஒழுகுகின்ற கூரையை அது அடைப்பதில்லை. காற்றுப் புகாத அறைக்கும் முறையான உடன்படிக்கை எழுதலாம்; எட்டுப் பேர் நெருங்கிக் கிடக்கும் கொட்டகைக்கும் எழுதலாம். வடநாட்டினின்று கட்டட வேலைக்கு வரும் தொழிலாளர் பலர், தாம் எழுப்பும் மாடங்களின் அடியில் இத்தகைய இடங்களிலேயே உறங்குகின்றனர். அவர்க்கு உடன்படிக்கையும் இல்லை, பதிவும் இல்லை. சட்டம் யாரை முதலிற் காத்தல் வேண்டுமோ அவரை அடையாது நிற்றல் வருந்தத்தக்கது.

சியாட்டில் நகரத்தைப் போன்று வீடுதோறும் ஆராய்ச்சி செய்யும் முறையை நாமும் உடனே மேற்கொள்ளலாமே எனின், அதற்கு நான் உடன்படேன். ஆராய்ச்சிக்கு வரும் அலுவலர் தொகை போதாது. அதன் செலவு இறுதியில் வாடகையிலேயே ஏறும். கைந்நீட்டும் வழக்கத்திற்குப் புதிய வாயில் ஒன்று திறக்கவும் கூடும். ஆகவே, செலவின்றிச் செய்யத்தக்கது ஒன்றைக் கூறுகின்றேன். குடிபுகும் நாளில் உரிமையாளரும் குடியிருப்பவரும் சேர்ந்து நின்று வீட்டின் சுவர், தளம், குழாய், மின்விளக்கு, கதவு ஆகியவற்றின் நிலையைப் படமெடுத்து, அப்படங்களைப் பதிவோடு ஏற்றி வைத்தல் வேண்டும். தட்டுமுட்டுப் பொருள்களுக்கு இடம் கொடுத்த படிவம், சுவர்க்கும் கூரைக்கும் இடம் கொடுத்தல் அரிதோ? அங்ஙனம் செய்யின், நீங்கும் நாளில் விரிசல் யாருடையது என்னும் வழக்கே எழாது. வெள்ளையடிப்பிற்கு ஒரு திங்கள் வாடகை என்னும் எழுதாச் சட்டமும் தன் வலிமையை இழக்கும்.

முன்பணத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். மூன்று திங்கள் என்று வரையறுத்த விதியிலேயே, வேறாக உடன்படிக்கை செய்துகொண்டாலொழிய என்னும் வாசகமும் அமைந்துள்ளது. வாயிலை அடைத்துவிட்டுச் சாளரத்தைத் திறந்து வைத்தாற்போன்றது இது. வீடு வேண்டி நிற்பவர், பத்துத் திங்களுக்கும் கையெழுத்திடுக என்றால் இட்டே தீர்வர். இந்திய அரசினர் 2021ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கு வழிகாட்டியாக ஏற்ற மாதிரி வாடகைச் சட்டத்தில், குடியிருப்பு வீட்டிற்கு இரண்டு திங்கள் வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றே உள்ளது. நம் மாநிலமோ அம்மாதிரி வருமுன்னரே சட்டம் இயற்றி முன்னின்றது. முன்னின்ற நாம் இவ்வொன்றிற் பின்னிற்றல் அழகன்று. அச்சாளரத்தையும் அடைத்தல் வேண்டும்.

வலைத்தளத்தைப் பற்றி வேறு சில விண்ணப்பங்களும் உள. வாடகை தொடங்கும் நாள் பதியப்பெறுதல் போலவே, அது முடியும் நாளும், முன்பணம் திரும்பிய செய்தியும் அங்கே இருவர் ஒப்புதலோடும் பதியப்பெறுதல் வேண்டும். தொடக்கமே உள்ள கதை கதையாகாததுபோல, முடிவில்லாப் பதிவும் முழுப்பதிவாகாது. உடன்படிக்கைக் காலம் முடிவதற்குச் சில திங்கள் முன்னரே இருவர் கைப்பேசிக்கும் செய்தி செல்லுதல் வேண்டும். ஆதார் எண், பான் எண் முதலியவற்றைக் கேட்டு வாங்கும் அரசினர், அவை பிறர் கையிற் சேராவாறு காத்தற்கும் கடமைப்பட்டவராவர். பெயரையும் எண்ணையும் நீக்கி, இன்ன வட்டாரத்தில் இத்தனை அறையுள்ள வீட்டிற்கு வாடகை இவ்வளவு என்னும் தொகுப்பை மட்டும் ஊரறிய வெளியிட்டால், புதிதாக வருவோர் தரகர் சொல்லையே தஞ்சமாகக் கொள்ள வேண்டியிராது. பதிவு செய்தவர் உரிமையாளராயினும் குடியிருப்பவராயினும், அவர்க்கு விளங்கும் எளிய தமிழிலே உடன்படிக்கை அமைதலும் இன்றியமையாதது. 'முன்குறிக்கப்பட்ட ஷரத்துக்களுக்குக் கட்டுப்பட்டு' என்று தொடங்கிப் பக்கம் முழுதும் ஒரே வாக்கியமாக ஓடும் பத்திரத்தில் கையெழுத்திடுபவர், தாம் எதற்குக் கட்டுப்பட்டார் என்பதை எங்ஙனம் அறிவர்?

இன்னுமொன்று. பதிவேட்டின் எல்லை எது என்பதனையும் நாம் அறிந்திருத்தல் நன்று. வீடு கிடைத்த பின்னரே உடன்படிக்கை. உடன்படிக்கைக்குப் பின்னரே பதிவு. வாயிலிலேயே குலத்தையும் சமயத்தையும் உணவையும் வினவி, 'உங்களுக்கு இல்லை' என்று கதவடைப்பார்க்கு எப்பதிவேடும் விடை கூறாது. மணமாகாத இளைஞர்க்கு வீடில்லை. தனியே வாழும் பெண்ணுக்கு வீடில்லை. மீன் சமைப்பார்க்கு வீடில்லை என்று நகரம் பிரித்துக்கொண்டே செல்லுமாயின், வலைத்தளம் எத்துணை விரைவாகப் பதிவெண் கொடுத்தாலும் பயன் யாது? பலகையில் 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்று பொதுவாக எழுதி, உள்ளே வந்தவரைச் சிறப்பாக ஆராயும் இவ்வழக்கத்தைச் சட்டம் ஒன்றே ஒழித்துவிடாது. அதனை உரிமையாளர்தம் உள்ளமும் சேர்ந்தே ஒழித்தல் வேண்டும். நாளை நம்முட் பலர் உரிமையாளர் ஆவோம். இன்று நமக்கு அடைக்கப்பட்ட கதவை அன்று நாம் பிறர்க்கு அடையாதிருத்தல் வேண்டும்.

மாணவராகிய நமக்கு இதில் தொழில் யாது எனச் சிலர் கேட்கலாம். விடுதியில் இடம் பெறாத நம் தோழர் பலர், கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் மூவரும் நால்வருமாகச் சேர்ந்து அறை எடுத்து வாழ்கின்றனர். அவருள் எத்துணைப் பேர் கையில் உடன்படிக்கை உண்டு? ஊரில் நிலத்தை ஈடுவைத்துத் தந்தை அனுப்பிய முன்பணத்திற்குச் சீட்டுக்கூட இல்லாதவர் உளர். யாப்பிலக்கணத்தில் தளை தட்டுதலை நொடியிற் காணும் நம் கண்கள், நாம் கையெழுத்திடும் பத்திரத்தில் உள்ள தளையைக் காணாது விடலாமோ? குடிபுகுமுன் உடன்படிக்கையை முழுதும் படித்தல், மூலப்படி ஒன்றைக் கேட்டுப் பெறுதல், கொடுத்த பணத்திற்கெல்லாம் சீட்டு வாங்குதல், பின்னர் வலைத்தளத்திற் பதிவு செய்தல் ஆகிய நான்கும் நாம் இன்றே மேற்கொள்ளத்தக்கன.

நமக்கு ஆனபின் பிறர்க்கும் உதவலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் பெயரால் தெருக்கூட்டவும் மரம் நடவும் செல்லும் நாம், விடுமுறை நாளொன்றில் நம் கல்லூரியைச் சூழ்ந்த தெருக்களுக்குச் சென்று, மாடியறை விட்டு வாழும் முதியவள்க்கும், அவ்வறையிற் குடியிருக்கும் தொழிலாளிக்கும் இச்சட்டத்தை எடுத்துக்கூறி, இருவரும் உடனிருக்கப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். அவர்தம் ஓ.டி.பி. எண்ணை நாம் கேட்டு வாங்காது, அவர் கையாலேயே இடச் செய்தலும் நம் கடன். கற்ற தமிழைக்கொண்டு எளிய மொழியில் உடன்படிக்கை வாசகம் ஒன்றை எழுதி அச்சிட்டு அளித்தலும் தமிழ் மாணவர்க்கு ஏற்ற தொண்டேயாகும். பழைய ஏடுகளைப் படித்துப் பொருள் காண்பதற்காகவே நாம் இத்துறையிற் சேர்ந்தோம். இக்காலத்து ஏழை மக்கள்தம் வாழ்வை ஆளும் ஏடுகளையும் படித்துப் பொருள் கூறுதல் அத்துறைக்குப் புறம்பானதன்று.

வாடகை கொடுப்பவர் தலைநிமிர்ந்து கொடுத்தலும், வாங்குபவர் அச்சமின்றி வாங்குதலும், நீங்கும் நாளில் இருவரும் முகமலர்ந்து கைகூப்பிப் பிரிதலும் ஒரு நகரத்தின் நாகரிகத்திற்கு நல்ல அடையாளங்களாம். அதற்கு வேண்டுவன நேர்மையான உள்ளமும், தெளிவான எழுத்தும், அவ்வெழுத்தைக் காக்கும் பதிவேடுமே. பதிவேட்டை அரசினர் திறந்து வைத்துள்ளனர். அதன் குறைகளைத் திருத்தும்படி கேட்பதும், அது வெற்றேடாகக் கிடவாதவாறு நம் பெயர்களை அதில் எழுதுவதும் இனி நம் பொறுப்பாகும்.